காப்புக் கை

நான் நிற்கிறேன் அம்மா, பரவாயில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கே சரியாக இருக்காது. இந்த அறையில் தரையில் உட்கார்ந்துதான் எனக்குப் பழக்கம். இது விளக்கறை. இப்போது நீங்கள் உங்கள் சீரியல் கிரீடமும் செருப்புமாக அடுக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் அரண்மனை விளக்குகள் எல்லாம் பொழுது சாய்வதற்கு முன்னால் இங்கேதான் வரும். கண்ணாடியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி அனுப்புவது என் வேலை. அந்த மூலையில் சுவர் கறுத்திருக்கிறது பாருங்கள், அது என் விளக்குகளின் புகை. எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் போகவில்லை.

உங்கள் பேர் நிவேதாவா? நல்ல பேர். என் பேர் பஞ்சவர்ணம். அந்தப் பேரைச் சொல்லி ஊரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. காப்பம்மா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வந்து காட்டும்.

உங்களிடம் ஒன்று கேட்க வந்தேன். சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வந்தேன். மற்ற நேரத்தில் நீங்கள் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள், எனக்குக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. நாளைக்கு எடுக்கப் போகிற கல்யாணத்துக்காக இந்த அரண்மனைப் பேரன் துரை உங்களிடம் ஒரு கட்டாரியை, பழைய குத்துவாளை, பெட்டியோடு கொடுத்தாராமே. அதை என் கையில் கொஞ்ச நேரம் தர வேண்டும். இங்கேயே, உங்கள் கண் முன்னால். அதன் பிடியில் ஒரு நூல் சுற்றியிருக்கும். அதை அவிழ்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். பொறுப்பில் இருப்பவர் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

உங்கள் சீரியலில் ஒரு வேலைக்காரப் பெண் ராஜா வீட்டுப் பிள்ளையைக் கல்யாணம் செய்கிறாள் அல்லவா? நேற்று மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி நின்று பார்த்தேன். அந்தப் பெண் லட்சணமாக இருக்கிறாள். ஆனால் வேலைக்காரி அவ்வளவு பேச மாட்டாள் அம்மா. பெரிய ராணிக்கு எதிரில் நிமிர்ந்து நின்று, 'என் மனசில் அவர்தான் இருக்கிறார்' என்கிறாள். நாங்களெல்லாம் அவர்கள் முன்னால் 'உத்தரவு' என்ற ஒரு சொல்லுக்குமேல் பேசியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. கதை என்றால் பேசத்தானே வேண்டும். இந்த மாவிலங்குறிச்சி அரண்மனையில் அப்படி ஒரு கல்யாணம் நிஜமாகவே நடந்தது, அதைக் கேட்டுத்தான் கதை கட்டினார்கள் என்று உங்கள் சமையல்காரர் சொன்னார்.

அந்த வேலைக்காரி நான்தான்.

நான் சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். நீங்கள் சிரிக்கவில்லை. அதுவே போதும்.

என் ஊர் பனையடியேந்தல். இந்த ஊர் எல்லைக்கல்லைத் தாண்டினால் அடுத்த ஊர். ஆத்தா என்னை நன்றாக நடக்கத் தெரிந்த வயசிலேயே இங்கே கொண்டுவந்து விட்டாள். இங்கே இருந்தால் வயிறு நிறையும் என்றாள். பொய் சொல்லக் கூடாது, நிறைந்தது. அரண்மனையில் எல்லாருக்கும் நான் 'ஏ விளக்கு'. 'ஏ விளக்கு, முற்றம் இருட்டிக் கிடக்கு', 'ஏ விளக்கு, எண்ணெய் சிந்தாதே', இப்படித்தான். ஒருத்தர் மட்டும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்தான் சின்னவர். அப்போது ராணியாக இருந்த பெரிய நாச்சியாரின் ஒரே மகன். அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். வாசல் கல்லில் வெட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் மேற்குப் பக்க அறை அவருடையது. பொழுது இறங்கும்போது புத்தகமும் கையுமாக இருப்பார். நான் விளக்கைக் கொண்டுபோய் மேசையில் வைப்பேன். தலை நிமிராமலே, "பஞ்சவர்ணம், திரியைக் கொஞ்சம் இறக்கு, கண்ணு கூசுது" என்பார். நான் இறக்குவேன். திரியை வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டு போனேனா என்று கேட்காதீர்கள் அம்மா. வயசு அப்படி.

ஜமீன் எல்லாம் இனி இல்லை என்று சட்டம் வந்த சமயம் அது. நெல் வண்டிகள் வருவது நின்றுபோனது. யானையை ஒரு கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்னவருக்கு நெடுங்குளத்து ஜமீனில் பெண் பேசி, எல்லாம் கூடிவருகிற நேரத்தில் ஜோசியர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். சின்னவர் ஜாதகத்தில் முதல் தாரம் தங்காதாம். முதலாவதாக வருகிறவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்றார்.

இதற்கெல்லாம் வாழை மரத்துக்குத் தாலி கட்டுவார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டிவிட்டு மரத்தை வெட்டிப் போட்டால் முதல் தாரம் போய்விட்டது என்று கணக்கு. ஆனால் இந்தத் தோஷத்துக்கு வாழை தாங்காது, பெண்பிள்ளைதான் வேண்டும், அதுவும் இன்ன நட்சத்திரத்தில் பிறந்தவளாக இருக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். என் நட்சத்திரம் பொருந்தியது. பாருங்கள், அவர்கள் நினைத்திருந்தால் வேறு ஜோசியரைக் கூப்பிட்டு வாழையோடு முடித்திருக்கலாம். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். வாழையை வெட்டிப் போட்டிருப்பார்கள். என்னை யாரும் வெட்டவில்லை. கடைசிவரைக்கும் சோறு போட்டார்கள்.

பெரிய நாச்சியார் என்னைக் கூப்பிட்டபோது கையில் விளக்குக் கண்ணாடி இருந்தது.

"உனக்குக் கல்யாணம்டீ" என்றார்கள்.

"உத்தரவு" என்றேன்.

"மாப்பிள்ளை யாருன்னு கேக்க மாட்டியா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சின்னத்துரைதான்."

கண்ணாடி கை நழுவி விழுந்து நொறுங்கிப் போனது. நாச்சியார் திட்டவே இல்லை அம்மா. சீமையிலிருந்து வந்த கண்ணாடி அது. முன்னால் ஒரு தடவை கீறல் விழுந்ததற்கே ராத்திரிச் சோற்றை நிறுத்தினார்கள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்தே தெரிய வேண்டாமா, நான் அந்த நிமிஷத்திலிருந்து வேலைக்காரி இல்லை என்று? கண்ணாடித் துண்டுகளை மட்டும் என்னையே பொறுக்கச் சொன்னார்கள்.

நீங்கள் எடுக்கிற கல்யாணத்தில் கட்டாரியோடு மாப்பிள்ளையும் பெண்ணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். எங்கள் முறையில் அது கிடையாது. சமமான வீட்டில் பெண் எடுத்தால் மாப்பிள்ளை நேரில் போவார். கீழே இருந்து பெண் எடுத்தால் அவருடைய கட்டாரிதான் வரும். பட்டுத் தலையணையில் வைத்துத் தூக்கி வருவார்கள். மணையில் பெண்ணுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். மாப்பிள்ளையின் அக்காள் தாலியைக் கட்டுவார். கட்டாரிக்கும் மாலை உண்டு, சந்தனம் உண்டு, எல்லாம் உண்டு. அது கத்தி இல்லை அம்மா. அந்த நேரத்தில் அது அவர்தான்.

பின்கட்டில்தான் நடந்தது. அரண்மனைப் பெண்களுக்கு ஒரே கும்மாளம்.

"மாப்பிள்ளை ரொம்ப ஒல்லிடீ, நாலு வாய் சோத்தை ஊட்டிவிடு" என்றாள் ஒருத்தி.

"கிட்டப் போய் உரசாதே, கீறிருவாரு" என்றாள் இன்னொருத்தி.

எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணத்தில் கேலி செய்யாமல் இருந்தால்தான் குறை. ஆத்தா பின்வாசல் நிலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை, ஆனால் புதுச் சேலை கொடுத்திருந்தார்கள். "மாப்பிள்ளை எங்கே?" என்று மெதுவாகக் கேட்டாள். "அந்தா தலகாணியில படுத்திருக்காரு பாரு" என்றார்கள். ஆத்தா கட்டாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமியார் மருமகனைக் கும்பிடுகிறாளே என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆத்தாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கண்ணைத் துடைத்தாள்.

அன்றைக்குத் தாலிக்கு முன்னால் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் நூலை முறுக்கி, ஒரு விரலி மஞ்சளைக் கோத்து, என் வலது மணிக்கட்டில் ஒன்று, கட்டாரியின் பிடியில் ஒன்று. காப்புக் கட்டினால் என்ன முறை என்று தெரியுமா உங்களுக்கு? காப்பை அவிழ்க்கிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. எந்தத் தீட்டும் அண்டக் கூடாது. சடங்கெல்லாம் முடிந்தபிறகு மாப்பிள்ளை பெண்ணின் காப்பை அவிழ்க்க வேண்டும், பிறகு பெண் மாப்பிள்ளையின் காப்பை அவிழ்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. அவிழ்த்தால்தான் கல்யாணம் முடிந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் நடந்துகொண்டே இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சின்னவர் அப்போது மதுரையில் இருந்தார். சாயந்திரம் வந்து அவிழ்ப்பார் என்றார்கள். வேலை இருந்திருக்கும், வரவில்லை. சில நாள் கழித்து வந்தார். எப்போதும்போல விளக்கைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு, போகாமல் நின்று கையை நீட்டினேன்.

"என்னது?" என்றார்.

"காப்புங்க. நீங்கதான் அவுக்கணும்."

என் கையைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் என் கையைப் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருக்குமே என்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போயிருந்தேன். கெட்ட மனிதர் இல்லை அம்மா, முகம் வாடித்தான் போனது.

"அப்புறம் பாத்துக்கலாம் பஞ்சவர்ணம்" என்றார். "திரியை இறக்கு."

பேரைச் சொன்னார், கவனித்தீர்களா? மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்புறம் என்றுதான் சொன்னார்.

ஆவணியில் நெடுங்குளத்துப் பெண்ணோடு கல்யாணம். அதற்குச் சின்னவரே குதிரையில் போனார். இங்கே போட்ட பந்தலின் விளக்கு முழுவதும் என் பொறுப்பு. ஒன்றுகூட அணையவில்லை. இங்கே வந்து இறங்கிய சாயந்திரம் நடுக்கட்டில் காப்பு அவிழ்க்கிற விளையாட்டு வைத்தார்கள். ஒரு கையால்தான் அவிழ்க்க வேண்டும். புதுப் பெண்ணின் காப்பு முடிச்சு நன்றாக இறுகிவிட்டது. சின்னவர் பார்த்தார், பார்த்தார், முடியவில்லை. சட்டென்று குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். பந்தலே சிரித்தது. "ஏ விளக்கு, பக்கத்துல கொண்டா, முடிச்சுத் தெரியல" என்றார்கள். நான் கொண்டுபோய் அவர்கள் கைக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினேன். அந்த விளக்கைத் தாங்கிய கையில் என் காப்பு இருந்தது. கை ஆடவில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம்கூட ஆடவில்லை.

அதற்கப்புறம் ஒரு தடவை, ஒரே தடவை, பெரிய நாச்சியாரிடம் வாய் திறந்து கேட்டேன்.

"எனக்கும் அவுத்துவிடச் சொன்னா..."

"பைத்தியமாடீ உனக்கு?" என்றார்கள். "உன் காப்பை அவுத்தா தோஷம் திரும்பிப் புதுப் பொண்ணு மேல ஏறிரும். அது நல்லா இருக்க வேண்டாமா? சின்னத்துரை நல்லா இருக்க வேண்டாமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழையை வெட்டுவதற்குப் பதிலாக என் காப்பை அவிழ்க்காமல் விட்டிருக்கிறார்கள். என் கையில் அது இருக்கிறவரைக்கும் அந்த வீட்டுக்கு ஒன்றும் வராது. அவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு விளக்குக்காரியை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். நூல் இற்றுப்போனால் நாச்சியாரே புது நூல் கொடுப்பார்கள். பழையது விழுவதற்கு முன்னால் புதியதைக் கட்டிக்கொள்வேன். கை வெறுமையாக இருந்த நேரம் கிடையாது. இதோ பாருங்கள், இது போன ஆடியில் கட்டியது.

கட்டாரியின் காப்புக்கு அந்தக் கவலை இல்லை. அதைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் பெட்டியைத் திறந்து சந்தனம் தெளிப்பார்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பேன். நூல் பழுப்பேறி அப்படியே இருக்கும். போன வருஷமும் இருந்தது. மற்ற வாளையும் ஈட்டியையும் தேய்த்துத் துலக்குவார்கள், அதை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். அவர்தான் தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை காலம் ஒரு நூல் அப்படியே இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

ஊரில் கேலி செய்வார்கள். தண்ணீருக்குப் போனால், "காப்பம்மா, கல்யாணப் பந்தியில இன்னும் பாயசம் வரலையே" என்பார்கள். நானும், "வேகுது வேகுது, பொறுங்க" என்பேன். வேறு என்ன சொல்ல?

எல்லையைத் தாண்ட முடியாதே, அதனால் ஆத்தாதான் என்னைப் பார்க்க வருவாள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் இந்தப் பக்கம் வரலாம்தான். ஆனால் வர மாட்டாள். "நீ வா, நான் வரல" என்பாள். வீம்பு. "ஒரு எட்டு வச்சுத் தாண்டுடீ, என்ன ஆயிரும்?" என்பாள். "அவருக்கு ஆகாது ஆத்தா" என்பேன். "உன் அவரு" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டியைக் கல்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். நான் அவள் தலை மறைகிறவரைக்கும் நிற்பேன்.

அவள் செத்தபோது தம்பி வந்து பின்வாசலில் நின்றான். "அக்கா, எடுக்கப் போறாங்க, வா" என்றான். நான் ஓடிப்போய் நாச்சியாரிடம் நின்றேன்.

"காப்புக் கையோட எழவு வீட்டுக்குப் போறதா? போகணும்னா போ. சின்னத்துரைக்கு ஏதாச்சும் ஆனா நீதான் பொறுப்பு" என்றார்கள்.

போ என்றுதான் சொன்னார்கள். தடுத்தார்கள் என்று சொல்லக் கூடாது.

நான் போகவில்லை. எல்லைக்கல்வரைக்கும் போய் நின்றேன். தம்பி ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், அப்புறம் நடந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசியதே இல்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போது கொட்டுச் சத்தம் கேட்டது. திரும்பாதபோது கேட்கவில்லை. கேட்டபோதெல்லாம் அழுதேன். கேட்காதபோது, ஒருவேளை முடிந்துவிட்டதோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாய்க்கரிசி போடவில்லை. முகம் பார்க்கவில்லை. கல்லின் மேல் அவள் கடைசியாக வைத்துப்போன கருப்பட்டி என்னிடம் மிச்சமிருந்தது. எறும்பு வந்துவிடும் என்று துணியில் முடிந்து வைத்திருந்தேன். அதை ரொம்ப நாள் தின்னவில்லை.

தண்ணீரா? வேண்டாம் அம்மா. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னவருக்கு நெஞ்சுவலி வந்தது பங்குனியில். மதுரைக்குக் கொண்டுபோய், உயிர் இல்லாமல்தான் கொண்டுவந்தார்கள். நடுக்கட்டில் கிடத்தியிருந்தார்கள். நான் இந்த அறையிலிருந்து ஓடினேன். நடுக்கட்டு வாசலில் நெடுங்குளத்து நாச்சியாரின் சகோதரிகள் கையை விரித்து மறித்துக்கொண்டார்கள். "காப்புக்காரி உள்ளே வரக் கூடாது, பிணம் கிடக்கிற வீடு" என்றார்கள்.

மறித்தது வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அத்தனை கூட்டத்தில், அத்தனை அழுகையில், என் கையில் காப்பு இருக்கிறது என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. காப்பு இருக்கிறது என்றால் நான் யார்? அவர் பெண்டாட்டி என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார்கள் அல்லவா? வேறு யாரும் அதைச் சொல்லக் கேட்டதில்லை. திரும்பி வந்து விளக்கு துடைத்தேன். சாவு வீட்டுக்கு விளக்கு நிறைய வேண்டும்.

என் தாலியை யாரும் வாங்கவில்லை. கட்டாரி பெட்டியில் முழுசாகத்தானே இருக்கிறது, மாப்பிள்ளைக்கு என்ன கேடு என்று பெரிய நாச்சியார் சொன்னார்களாம். அதனால்தான் இந்த வயசில் பூவும் பொட்டுமாக நிற்கிறேன். கோயிலில் சில பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு முறை தெரியாது.

பெரிய நாச்சியார் போனார்கள். போன வருஷம் நெடுங்குளத்து நாச்சியாரும் போனார்கள். நல்ல சாவு. பேரன் பேத்தி எடுத்து, நிறைந்த வயசில் போனார்கள். என் காப்பு அவர்களைக் காப்பாற்றிவிட்டது. ஜோசியர் சொன்னபடி ஒன்றும் நடக்கவிடவில்லை. இனி யாருக்குத் தோஷம்? யாரும் இல்லை. அதனால் பூசாரியிடம் கேட்டேன். "மாப்பிள்ளைதான் இல்லை, கட்டாரி இருக்குல்ல? அன்னைக்கு அதுதான மாப்பிள்ளை? அது பட்டு உன் காப்பு அறுந்தா அவர் அவுத்த மாதிரி. அப்புறம் நீ அதோட காப்பை அவுத்துரு. முடிஞ்சுது" என்றார்.

நேற்று நீங்கள் எல்லாம் பேசிக்கொண்டதைக் கேட்டேன். நாளைக்கு அந்தக் கட்டாரிக்கு அந்தப் பெண்ணுக்காகக் காப்புக் கட்டப் போகிறீர்கள். ஒரு காப்பு இருக்கும்போது இன்னொன்று கட்டக் கூடாது அம்மா. நடிப்பாக இருந்தாலும் அது அவருடைய கட்டாரி. அதனால்தான் இன்றைக்கே வந்தேன்.

அவிழ்த்துவிட்டு என்ன செய்வேன் என்றா கேட்கிறீர்கள்? பனையடியேந்தலுக்குப் போவேன். பஸ் நான் இப்போது இருக்கிற குடிசை வாசலில்தான் நின்று போகிறது. கண்டக்டர் வண்டியில் தொங்கிக்கொண்டு, "காப்பம்மா, ஏறுறீங்களா?" என்று தினமும் கேலிக்குக் கேட்பார். ஏறினால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. தம்பி மகன் அங்கே இருக்கிறான் என்கிறார்கள். ஆத்தாவை எந்த இடத்தில் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

தருவீர்களா? நல்லா இருப்பீர்கள் அம்மா. எடுங்கள். மெதுவாக. பெட்டி அதேதான். உள்ளே சிவப்பு வெல்வெட்டுப் போட்டிருப்பார்கள்.

ஏன் அப்படி நிற்கிறீர்கள்?

பளபளவென்று இருக்கிறதே. துலக்கிவிட்டீர்களா? நூல்?

சரியாகக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லுங்கள்.

அறுத்துவிட்டீர்களா.

நீங்களா அறுத்தீர்கள்? உங்கள் கையாலா? இன்றைக்குக் காலையிலா? அழாதீர்கள் அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும். அழுக்கு நூல் என்றுதானே நினைத்திருப்பீர்கள். அது எங்கே? குப்பையிலா? அந்தக் குப்பையையா சாப்பாட்டுக்கு முன்னால் எரித்தார்கள்? நான் பார்த்தேனே. புகை வந்தது, இருமினேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். முடிச்சு இறுக்கமாக இருந்ததா? கல் மாதிரி இருந்ததா? மேலே தூசியும் காய்ந்த சந்தனமுமாக இருந்ததா? அப்படியென்றால் அவர் அதை ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்க...

சரி. போகட்டும். பத்திரமாக வைத்திருந்தார் என்றுதான் அர்த்தம்.

அவருடைய காப்பு போய்விட்டது. என்னுடையது இருக்கிறது. வரிசை தப்பிவிட்டது. இருந்தாலும் பூசாரி சொன்னதில் முதல் பாதி பாக்கி இருக்கிறதே. இந்தாருங்கள் என் கை. நீங்களே கட்டாரியைப் பிடியுங்கள், நான் பிடிக்கக் கூடாது. நூலுக்கு அடியில் விட்டு மேலே இழுங்கள். பயப்படாதீர்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தி.

அறுக்கவில்லையா?

கூர் எங்கே? ராவிவிட்டீர்களா? ஆமாம், நடிக்கிற அந்தப் பெண்ணின் கையைக் கிழித்துவிடக் கூடாதே. அது சரிதான். யாருடைய பிள்ளையோ. போதும் அம்மா, தோல் வலிக்கிறது. விடுங்கள்.

வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். கத்தரிக்கோல் எனக்கு யார்?

பெட்டியை மூடுங்கள். வெல்வெட்டு மேலே வரும்படி வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் மூடி மாட்டாது. நான் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். இவ்வளவு நேரம் என் பேச்சை யாரும் கேட்டதில்லை. பேரன் துரையிடம் நான் வந்ததைச் சொல்ல வேண்டாம், சிரிப்பார். அதோ உங்களைக் கூப்பிடுகிறார்கள், போங்கள்.

ஒரு நிமிஷம் அம்மா. ஒன்றே ஒன்று.

நாளைக்குத் தாலி கட்டுவதோடு முடித்துவிடுவீர்கள், காப்பு அவிழ்க்கிற இடம் கதையில் இல்லை என்று சமையல்காரர் சொன்னார். படம் எடுக்கிற உங்கள் பெரியவரிடம் சொல்லி அதையும் எடுங்கள். எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அவிழ்த்தாவது விடுங்கள். நடிப்புதான், எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் கையில் கட்டுவது நிஜ மஞ்சள், நிஜ நூல்தானே. அவள் வண்டி ஏறுவதற்கு முன்னால் அந்தப் பையனைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள். அப்புறம் என்று சொல்வான். விடாதீர்கள். அவள் ஊரில் அவளுக்கும் ஆத்தா இருப்பாள்.

இருட்டிவிட்டது, முடிச்சுத் தெரியவில்லை என்று சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள். நான் விளக்கோடு வந்து பக்கத்தில் நிற்கிறேன். எனக்குக் கை ஆடாது.